அஞ்சலையக்கா கையில் இருக்கும் மஞ்சள் கயிறு

மகனே,

உன் அம்மாவின் வலது காலில் இரண்டு விரல்கள் இல்லை. அது உனக்குத் தெரியும். சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தாய், கட்டிலருகே கொஞ்ச நேரம் நின்றாய், ஆரஞ்சுப் பழம் வாங்கிக் கொடுத்துவிட்டு நீலாய்க்குத் திரும்பினாய். உனக்குத் தெரியாதது, நேற்று நம் கோயில் வாட்ஸ்அப் புலனக் குழுவில் நீ எழுதிய வரி இந்த வீட்டுக்குள் என்ன செய்தது என்பது. "அம்மா விரதத்தை முறையாக இருக்கவில்லை. அதனால்தான் இப்படி ஆனது. மற்றவர்கள் பயப்படாமல் தொடரலாம்" என்று எழுதியிருந்தாய். அதை அவளே வாசித்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி, மெதுவாக வாசித்து முடித்தாள். பிறகு கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பாத்தீங்களா, தம்பியும் அதத்தான் சொல்றான்" என்றாள். அவள் குரலில் வருத்தம் இல்லை. தன் குற்றத்துக்கு இன்னொரு சாட்சி கிடைத்துவிட்டது போன்ற ஒரு அமைதிதான் இருந்தது. அந்த அமைதியைப் பார்த்த பிறகுதான் நான் பேனாவை எடுத்தேன்.

வீட்டுச் சங்கதியை ஏன் ஊருக்கெல்லாம் சொல்கிறீர்கள் என்று கேட்பாய். ஊருக்கு முதலில் சொன்னவன் நீ. தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, நாம் குடியிருந்த லயங்களை இடித்து, நம் சனம் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் கெமாசுக்கும் சிதறிய பிறகு நமக்கு மிஞ்சியது மாரியம்மன் கோயிலும் அந்தக் குழுவும்தான். அதில் வருவது திருவிழாச் செய்தி, இல்லையென்றால் சாவுச் செய்தி. இரண்டிலும் யாரும் விளையாட மாட்டார்கள். அதனால் அந்தக் குழுவில் வருவதை நம்மவர்கள் ஆராய்வதில்லை, கோயில் மணிச் சத்தம் போல எடுத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் நீ சர்க்கரை வியாதிக்கு வைத்தியம் சொல்லும் அந்த வீடியோவைப் போட்டாய். கூடவே உன் குரலையும் பதிந்து போட்டாய்: "நான் முழுசா பாத்துட்டேன், நல்ல விஷயம், இனிப்பு நீர் உள்ளவங்க கட்டாயம் செய்ங்க." வீடியோவில் பேசியவனை இங்கே யாருக்கும் தெரியாது. உன்னை எல்லாருக்கும் தெரியும். நம் லயத்திலிருந்து டிப்ளோமா வாங்கிய முதல் பிள்ளை நீ. அவர்கள் நம்பியது அவனை இல்லை, உன் குரலை.

ஆகவே என் பதிலும் அதே குழுவுக்குத்தான் போகிறது. கோயில் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். "இவ்வளவு நீளமா இருந்தா யாரு படிப்பா தலைவரே?" என்றான். "படிக்கத் தெரியாதவங்களுக்கு நீ வாசிச்சுக் காட்டு, அப்பவாச்சும் உனக்கு ஒரு வேலை இருக்கும்" என்றேன். தொழிற்சங்கத்தை விட்டு விலகி எத்தனையோ காலம் ஆகியும் என்னைத் தலைவர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பாதி மரியாதை, பாதி கேலி. இரண்டையும் வாங்கிக்கொள்வேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது வெறும் கோபத்தைக் கொட்டும் கடிதம் இல்லை. உன்னிடம் ஒரு வேலை ஆகவேண்டியிருக்கிறது. கோலா சாவாவில் அஞ்சலையக்கா, ஆயாக் கொட்டகையில் உன்னை ஏணையில் போட்டு ஆட்டியவள், நீ பெரியம்மா என்று கூப்பிடுகிறவள், உன் அம்மா கட்டியிருந்த அதே மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டு இன்றைக்கும் வெறுங்காலோடு நடந்துகொண்டிருக்கிறாள். சர்க்கரைக்குக் கிளினிக் கொடுத்த மாத்திரையைத் தொடுவதில்லை. அதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படி.

அந்த வீடியோ என்ன சொன்னது என்பது உனக்கு மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை, திரும்பத் திரும்பப் பார்த்தேன். நிலவேம்புச் சாற்றை வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். ஒரு மண்டலம் குடிக்க வேண்டும். அதுவரை மாத்திரையைத் தொடக்கூடாது, தொட்டால் சாறு வேலை செய்யாது. செருப்பில்லாமல் மண்ணில் நடக்க வேண்டும், உடம்பில் உள்ள சர்க்கரை பாதம் வழியாகப் பூமிக்குள் இறங்கிவிடும். இடையில் ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கக்கூடாது, மனம் கலங்கும். இதை ஒரு விரதமாக நினைத்துச் செய்யுங்கள், நம்பிக்கையோடு முழுசாகச் செய்தவர் ஒருவர்கூடத் தோற்றதில்லை. இவ்வளவும் சொல்லிவிட்டு அவன் கையெடுத்துக் கும்பிட்டான். பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இதையே ஒரு மலாய்க்காரருக்கோ சீனருக்கோ அனுப்பியிருந்தால், நாலு நாள் குடித்துப் பார்த்துவிட்டுக் கசக்கிறது என்று விட்டிருப்பார். நம் பெண்களிடம் விரதம் என்று சொன்னால் நடப்பதே வேறு. உன் அம்மா ஒரு வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனாள். பூசாரியிடம் எதற்கென்று சொல்லாமல் மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டிக்கொண்டாள். காப்புக் கட்டினால் என்ன பொருள் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை, நீயே தீமிதிக்குக் கட்டியவன். கயிறு இறங்கும்வரை எடுத்துக்கொண்ட கட்டுப்பாட்டை விடக்கூடாது, காய்ச்சல் வந்தாலும் விடக்கூடாது, பாதியில் விட்டால் தெய்வக் குற்றம். வேண்டுதலை வாய்விட்டுச் சொல்லவும் கூடாது. ஆகவே மாத்திரையை நிறுத்தியதை அவள் என்னிடம் சொல்லவில்லை. காலையில் சாறு அரைப்பதைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றி வைத்ததைப் பார்த்தேன். திருவிழா வருகிறது, ஏதோ வேண்டுதல் என்று இருந்தேன். அப்போதே கேட்டிருக்கலாமே என்பாய். அதை எனக்கும் என் மனசுக்கும் விட்டுவிடு, அந்தக் கேள்விக்குப் பின்னால் நீ ஒளிந்துகொள்ள நான் இடம் தரமாட்டேன்.

கோயிலுக்குப் போகும் செம்மண் பாதையின் ஓரத்தில் வெட்டிப்போட்ட செம்பனை மட்டைகள் கிடக்கும். அதன் முள் ஒன்று அவள் விரலிடுக்கில் ஏறியது. அவளுக்குத் தெரியவில்லை. பல வருடச் சர்க்கரையில் பாதம் மரத்துப் போயிருந்தது. அந்தப் பழியை வீடியோக்காரன் மேல் போடமாட்டேன், நியாயம் நியாயம்தான். ஆனால் மரத்த பாதத்தோடு இருக்கும் ஒரு கிழவியைச் செருப்பைக் கழற்றச் சொன்னது யார்? நான் வாடையில்தான் கண்டுபிடித்தேன். காலைத் தூக்கிப் பார்த்தபோது விரல் கறுத்திருந்தது. "இது ஒண்ணும் இல்லீங்க, சக்கர எறங்குது" என்றாள். எங்கே இறங்குகிறது, பூமிக்குள் இறங்குகிறது. அப்படியே நம்பிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது மலாய் டாக்டர். அவள் பொறுமையான பெண். "ஆன்ட்டி, உபாட் அடா மாக்கான்?" என்று கேட்டாள். மருந்து சாப்பிடுகிறீர்களா என்று. உன் அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு கயிற்றைப் பார்த்தாள். டாக்டர் இரண்டாம் முறை கேட்டாள். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. மாத்திரை நின்றுபோய்ச் சர்க்கரை எங்கேயோ ஏறிவிட்டது, அதனால் புண் ஆறாமல் உள்ளே ஓடிவிட்டது, இரண்டு விரலை எடுத்தால்தான் பாதத்தைக் காப்பாற்றலாம் என்றார்கள். அறுவைக்குப் போகுமுன் கையில் கழுத்தில் உள்ளதையெல்லாம் எடுக்கவேண்டும். தாலியை அவளே கழற்றி என்னிடம் கொடுத்தாள். கயிற்றைத் தொடவிடவில்லை. தாதி கிட்டே வந்தால் கையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். "இன்னும் மண்டலம் முடியல. விரல வேணும்னா எடுத்துக்கச் சொல்லுங்க" என்றாள். நான்தான் கத்தரிக்கோலை வாங்கி வெட்டினேன். அதற்குப் பிறகு வெகு நாள் அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மத்தியானம் அவளாகவே சொன்னாள். விரதத்தின் நடுவில் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருக்கிறாள். அங்கே யாரோ இனிப்பு டின் பால் ஊற்றிக் கலக்கிய தேநீரைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். துக்க வீட்டில் மறுக்க முடியாமல் குடித்திருக்கிறாள். "அந்த ஒரு கிளாஸ் டீதாங்க. நான் குடிச்சிருக்கக் கூடாது. சாமி கோச்சிக்கிச்சு" என்றாள். மகனே, ஒரு மனிதன் கூசாமல் சொன்ன பொய்யால் தன் விரலை இழந்தவள், அந்தப் பொய்யனுக்கு ஒரு கெட்ட வார்த்தைகூடச் சொல்லாமல், ஒரு கிளாஸ் தேநீருக்காகத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். இல்லை, அது காரணம் இல்லை என்று நான் தொண்டை வற்றச் சொன்னேன். கொஞ்சம் கொஞ்சமாக நம்ப ஆரம்பித்தாள். நேற்று நீ எழுதினாய், அம்மா முறையாக இருக்கவில்லை என்று. முடிந்தது. நான் கட்டியதையெல்லாம் ஒரு வரியில் இடித்துவிட்டாய்.

இப்போது நீ நிதானமாக யோசி. அவன் ஏன் அதற்கு விரதம் என்று பெயர் வைத்தான்? மருந்து என்று சொல்லியிருந்தால், குணமாகவில்லை என்றால் மருந்து சரியில்லை என்போம். விரதம் என்று சொல்லிவிட்டால், குணமாகவில்லை என்றால் விரதம் இருந்தவர் சரியில்லை என்போம். தோற்றால் யாரைக் குற்றம் சொல்வது என்பதை அவன் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுத்தான் கும்பிட்டான். முழுசாகச் செய்தவர் ஒருவர்கூடத் தோற்றதில்லை என்றானே, தோற்றவரையெல்லாம் முழுசாகச் செய்யாதவர் கணக்கில் தள்ளிவிட்டால் வேறு எப்படி இருக்கும்? ஒரு கிளாஸ் தேநீரோ, ஒரு நாள் அலுப்போ, மனத்தில் ஒரு சந்தேகமோ இல்லாமல் யாரால் ஒரு மண்டலத்தைக் கடக்க முடியும்? எவன் சொல்லும் வைத்தியத்திலும் இந்த ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பார். எப்படி நடந்தால் தன் பேச்சு பொய் என்று அவன் ஒப்புக்கொள்வான் என்று கேள். அப்படி எதுவுமே இல்லை என்றால் அவனிடம் வைத்தியமும் இல்லை.

உன் வேலை என்ன? நீலாய்த் தொழிற்சாலையில் வந்து இறங்கும் சாமானைச் சோதிப்பது. பெட்டியைத் திறந்து, நாலு எடுத்து, அளந்து, கோணலாக இருந்தால் மொத்தத்தையும் திருப்பி அனுப்புகிறாய். ஒரு தீபாவளிக்கு வந்திருந்தபோது நீயே சொல்லிச் சிரித்தாய், எவனோ ஒரு சப்ளையர், எங்கள் சரக்கைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை, நம்புங்கள் என்றானாம். "அப்படிச் சொன்னான் பாருங்கப்பா, அவன் பெட்டியத்தான் மொத ஆளா தெறந்தேன்" என்றாய். எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது. அதே நீ, ரத்தத்தைச் சோதிக்காதே என்று ஒருவன் சொன்னபோது ஏன் சிரிக்கவில்லை? இரும்புத் துண்டுக்குக் கொடுத்த கவனத்தை உன் அம்மாவின் ரத்தத்துக்கு ஏன் கொடுக்கவில்லை? கிளினிக்கில் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்திருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். சாறு நல்லது என்றால் அதுவும் தெரிந்திருக்கும். எனக்கு இலைமேல் எந்தக் கோபமும் இல்லை. மாத்திரையையும் போட்டுக்கொண்டு, டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, சாற்றையும் குடித்துப் பார் என்று ஒருவன் சொன்னால் அவனோடு உட்கார்ந்து பேசுவேன். தன்னைச் சோதிக்கக்கூடிய ஒரே கருவியைத் தூரப் போடச் சொல்பவனோடு எனக்குப் பேச்சு இல்லை.

அந்த வீடியோவின் கடைசியில் ஆறேழு பேர் வந்து எனக்குக் குணமாயிற்று என்று சொல்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் நம்பினேன் என்றாய். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சம்பள நாளில் தோட்டத்துக்கு ஒரு எண்ணெய்க்காரன் வருவான். சம்பளம் போடும் கொட்டகைக்கு எதிரே பாயை விரித்து, பாம்பைக் காட்டி, கூட்டம் சேர்ந்ததும் எண்ணெய்ப் புட்டியை எடுப்பான். கூட்டத்திலிருந்து ஒருவன் கட்டை ஊன்றி நொண்டிக்கொண்டு வருவான், முழங்காலில் எண்ணெய் தேய்ப்பார்கள், கொஞ்ச நேரத்தில் கட்டையை எறிந்துவிட்டு நடப்பான். என் அப்பாவும் வாங்கினார். அடுத்த வாரம் பக்கத்துத் தோட்டத்தில் சம்பளம். என்னைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு அங்கே போனார். அதே ஆள், அதே கட்டை, அதே நொண்டல். என் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், "என்னாப்பா, போன வாரம் நல்லா நடந்தியே, மறுபடியும் விழுந்துட்டியா?" என்று கேட்டார். சனம் சிரித்தது. எண்ணெய்க்காரன் பாயைச் சுருட்டினான். அந்தப் பக்கம் அவன் மறுபடி வரவில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தப் பொய்யன் எங்கள் பாதை வழியாகத்தான் வரவேண்டியிருந்தது, அதே பாதை வழியாகத்தான் போகவும் வேண்டியிருந்தது. அதனால் அவனுக்கு ஒரு பயம் இருந்தது. உன் வீடியோக்காரனை எந்தச் சைக்கிளில் போய்ப் பிடிப்பேன்? அவன் எந்த நாட்டில் இருக்கிறான் என்பதே எனக்குத் தெரியாது. வந்து சாட்சி சொன்னவர்களின் கால்கள் இன்றைக்கு எப்படி இருக்கின்றன என்பதும் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான், விரல் போனவர் யாரும் அந்த வீடியோவில் வரவில்லை. உன் அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து யாரும் படம் எடுக்கவில்லை. குணமானவர்களை மட்டும் வரிசையில் நிறுத்திவிட்டு, மற்றவர்களை ஆஸ்பத்திரிக் கட்டிலில் விட்டுவிட்டால், எந்தச் சாக்கடைத் தண்ணீரும் அமிர்தமாகத்தான் தெரியும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ என்னிடம் ஒன்று சொன்னாய். அதற்கு இப்போது பதில் சொல்கிறேன். "மருந்துக் கம்பெனிக்காரன் மட்டும் யோக்கியனாப்பா? துரைமார நம்பாதேன்னு சொல்லிச் சொல்லித்தானே என்னை வளத்தீங்க?" என்று கேட்டாய். ஆமாம், சொன்னேன். இன்றைக்கும் சொல்வேன். உன் அம்மா புல்லுக்கு விஷம் அடிக்கும் வேலையில் இருந்த காலத்தில் கையுறை கிடையாது, முகத்துக்குத் துணி கிடையாது. முதுகில் சுமக்கும் மருந்துத் தோம்பு கசிந்து சட்டை நனையும். நகமெல்லாம் பழுத்து விழுந்தது. இது மனிதருக்கு ஒன்றும் செய்யாது, கம்பெனிக் காகிதத்திலேயே எழுதியிருக்கிறது என்றார் துரை. நான் ஒரு வாளியில் அந்த விஷத் தண்ணீரைக் கொண்டுபோய் ஆபீஸ் வாசலில் வைத்து, "அப்ப நீங்க இதுல மொகத்த கழுவுங்க தொரை, நாங்க வேலைக்குப் போறோம்" என்றேன். அவர் கழுவவில்லை. என்னைத் தூரத்து மலைக்காட்டுக்கு மாற்றினார்கள். கையுறை வெகுகாலம் கழித்து வந்தது, அதுவும் கிழிந்த கையுறை. எனக்கு அதில் வெற்றி ஒன்றும் இல்லை. ஆனால் எதைக் கேட்கவேண்டும் என்று அன்றைக்குக் கற்றேன்: நீ சொல்வது பொய்யாகப் போனால் உனக்கு என்ன நஷ்டம்?

அந்தக் கேள்வியைத் துரையிடம் கேட்கத்தான் உன்னை வளர்த்தேன், துரையிடம் மட்டும் கேள் என்று வளர்க்கவில்லை. துரையைத் திட்டுகிறவனிடமும் கேட்கவேண்டும். இந்த வீடியோக்காரன் மருந்துக் கம்பெனியைத் திட்டுகிறான் என்பதற்காகவே அவன் நம் ஆள் என்று நினைத்தாயே, அங்கேதான் சறுக்கினாய். கம்பெனி பொய் சொல்லும் என்பது உண்மையாகவே இருக்கட்டும். அதனால் இவன் சொல்வது எப்படி மெய்யாகும்? இவன் நிலவேம்புப் பொடியை டப்பாவில் போட்டு விற்கிறான், வீடியோவுக்குக் கீழே பார்த்தேன். உன் அம்மாவின் விரல் போனதில் அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. உனக்கும் இல்லை. நீ அந்தச் சாற்றை ஒரு வாய் குடித்துப் பார்த்தாயா? உனக்குச் சர்க்கரை இல்லை, குடிக்கவேண்டிய அவசியமும் இல்லை. ஒரு விரல் அசைவில் நீ அனுப்பினாய். கல்லிலும் முள்ளிலும் நடந்தவள் அவள்.

இனி அஞ்சலையக்காவுக்கு வருகிறேன். உன் வரியைப் படித்த கையோடு மொத்தோ பைக்கை எடுத்துக்கொண்டு கோலா சாவா போனேன். வாசலில் வெறுங்காலோடு நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். யாரென்று அடையாளம் தெரியக் கிட்டத்தில் வந்து முகத்தை நீட்டிப் பார்த்தாள். கண் அவ்வளவு மங்கியிருக்கிறது. உன் அம்மாவுக்கு நடந்ததையெல்லாம் மறுபடி சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அவ நடுவுல டீ குடிச்சிட்டாளாமே" என்றாள்.

"யாரு சொன்னா?"

"அவளேதான் போன்ல சொன்னா. சின்னவனும் எழுதியிருக்கானாம், பக்கத்து வீட்டுப் பொண்ணு படிச்சுக் காட்டுச்சு. நான் டீயத் தொட்டே நாளாச்சு தலைவரே. நான் சுத்தமாத்தான் இருக்கேன் லா."

"அக்கா, டீயினால வெரல் போகாது. மாத்திரய நிறுத்தினதுனால போச்சு. டாக்டரே சொன்னாங்க."

"டாக்டரு வேற என்ன சொல்லுவாரு? மாத்திர குடுக்கிறவரு மாத்திரதான் சொல்லுவாரு. உங்களுக்கும் யாரப் பாத்தாலும் சண்ட போடணும். அன்னிக்குத் தொரை, இன்னிக்கு வீடியோவுல வர்ற மனுசன்."

"சரி, என்னைய நம்பாதீங்க. அந்தக் கயித்த மட்டும் அவுத்துடுங்க."

அவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள், உன் அம்மா மறைத்தது போலவே. "கட்டச் சொன்னவன் வந்து அவுக்கச் சொல்லட்டும். சின்னவன் சொல்லட்டும், இப்பவே அவுக்குறேன். அவன் படிச்சவன், என் கையில வளந்தவன், எனக்குக் கெட்டது சொல்லுவானா?" பிறகு உள்ளே போய்க் கைப்பேசியை எடுத்து வந்து, தடவித் தடவி, எனக்கே உன் குரலைப் போட்டுக் காட்டினாள். கட்டாயம் செய்ங்க என்கிறாய். அந்தக் குரலைக் கேட்டு அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அவளுடைய மகளை ஜொகூரில் அழைத்துப் பேசினேன். அவளும் அதையேதான் சொன்னாள், "நான் சொன்னா கேக்கமாட்டாங்க சித்தப்பா, அண்ணன் சொன்னா கேப்பாங்க." வாசல் மண்ணில் ஒரு துண்டு ஓடு கிடந்தது. அதை எடுத்து வேலிக்கு வெளியே எறிந்துவிட்டு வந்தேன். வேறு என்ன செய்ய முடிந்தது என்னால்?

உனக்கு இப்போது புரிகிறதா, மகனே? டாக்டர் சொன்னால் நடக்காது, நான் கத்தினால் நடக்காது, பெற்ற மகள் அழுதாலும் நடக்காது. அவள் நம்புவது உன் ஒருவனின் வாயை. அந்த நம்பிக்கையை நீ சம்பாதிக்கவில்லை, அவளாகக் கொடுத்தாள், ஏணை ஆட்டிய நாளிலிருந்து. அதைக் கையில் வாங்கிக்கொண்டு, முழுசாகப் பார்த்துவிட்டேன் என்று சொன்னாய். நீ பார்த்தது வீடியோவை. அவன் சொன்னது மெய்யா என்று நீ பார்க்கவே இல்லை.

குழுவில் அந்தப் பதிவை அழித்துவிடுகிறேன் என்று இன்று காலை எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாய். அழிக்காதே. அழித்தால் யாரும் சொல்லாதது போல ஆகிவிடும், அது ஏறிய காதுகளில் அப்படியே இருக்கும். அதன் கீழேயே, உன் குரலிலேயே, நான் சொன்னது தப்பு, மாத்திரையை நிறுத்தாதீர்கள், செருப்பைப் போடுங்கள், கிளினிக் போய் ரத்தத்தைப் பாருங்கள், என் அம்மா தேநீர் குடித்ததால் விரல் போகவில்லை என்று சொல். இதில் மானம் போகும் என்று நினைத்தால், ஆஸ்பத்திரியில் எடுத்துப் போட்ட இரண்டு விரலை நினைத்துக்கொள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து புதைக்கலாமா என்று உன் அம்மா கேட்டாள். உனக்கு அது தெரியாது, உன்னிடம் சொல்லவேண்டாம் என்று சொல்லியிருந்தாள்.

ஆனால் அஞ்சலையக்காவுக்குக் குரல்பதிவு போதாது. காப்பு இறக்க நல்ல நாளான வெள்ளிக்கிழமை வரும்வரை காத்திருக்கவும் முடியாது, உன் அம்மாவின் பாதத்தைப் பார்த்தவன் நான். நாளைக்கு லீவு எடு. நேராகக் கோலா சாவா வா. கத்தரிக்கோலை நான் கொண்டுவருகிறேன், வெட்டவேண்டியவன் நீ. சாமி குத்தமாகிவிடும் என்று அவள் பயந்தால், அந்தக் குத்தம் என்மேல் இருக்கட்டும் பெரியம்மா என்று சொல். அவள் காலில் செருப்பை நீயே மாட்டிவிடு. அங்கிருந்து நேராகக் கிளினிக்குக்கு உன் காரில் கூட்டிப் போ.

பிறகு இங்கே வீட்டுக்கு வா. உன் அம்மா அந்தச் சாவு வீட்டுக்குப் பிறகு தேநீரே குடிப்பதில்லை. சீனி இல்லாமல் போட்டுத் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்கிறாள், தண்டனையை அனுபவிக்கிறவள் போல வெறும் தண்ணீரில் மாத்திரையை விழுங்குகிறாள். நீ அடுப்பில் தண்ணீர் வை. சீனியும் வேண்டாம், பாலும் வேண்டாம், சும்மா ஒரு தே ஓ, கறுப்புத் தேநீர் கலந்து அவள் கையில் கொடுத்து எதிரே உட்கார். இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லம்மா என்று சொல். அவள் முதல் வாய் குடிக்கும்வரை நானும் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். அதுவரை உன்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

அப்பா